மணல்மேடும் வாக்குறுதியும்

ஒருவர் தனக்குச் சொந்தமான காணியில் என்ன செய்தாலும் மற்றவர்கள் அதில் தலையிட என்ன நியாயம் இருக்கின்றது? உறுதி அவர் பேரில் இருக்கின்றது. சோலைவரி கட்டுபவரும் அவரே. அவர் அதில் நெல் விதைக்கலாம், தென்னை வைக்கலாம், பற்றைக் காடாகவும் விட்டுவிடலாம். எவரும் ஏனென்று கேட்பதில்லை. அதே காணியில் அவர் ஒரு நீச்சல் தடாகத்தையோ, டென்னிஸ் திடலையோ, கொல்ப் மைதானத்தையோ, உல்லாச விடுதியையோ அமைக்க முனையும்போது மாத்திரம் ஊர் கூடிப் பேசுகின்றது, சபை கூடுகின்றது, அனுமதி வேண்டும் என்கின்றது. இது பொறாமையா, அல்லது நியாயமா? பலரும் முதலாவதுதான் என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். சற்று நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இது என்பது எமது எண்ணம்.

இக்கேள்விக்குச் சட்டத்தின் மூலம் தெளிவாகப் பதில் சொல்ல முனைந்த நாடுகளுள் பிரித்தானியா முக்கியமானது. அங்கு 1947இல் நிறைவேற்றப்பட்ட நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் காணி உரிமையை இரண்டாகப் பிரித்தது. காணி உரிமையாளருடையது, அக்காணியின் பயன்பாட்டை மாற்றும் உரிமை சமூகத்துடையது. மாற்ற விரும்புபவர் உள்ளூர்ச் சபையிடம் அனுமதி பெற வேண்டும். இலங்கையில் இதே பெயரிலான கட்டளைச் சட்டம் அதற்கு ஓராண்டு முன்னதாக, 1946இலேயே வந்துவிட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

பிரித்தானியச் சட்டம் இந்த வேறுபாட்டை எவ்வளவு நுணுக்கமாக நோக்குகின்றது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ஒரு வயலில் குதிரை நின்று புல் மேய்ந்தால் அது விவசாயம், அனுமதி தேவையில்லை. அதே வயலில் சவாரிக்காகக் குதிரையை வைத்து, வெளியிலிருந்து தீனி கொண்டுவந்து போட்டு வளர்த்தால் அது விவசாயம் அல்ல, பொழுதுபோக்கு. காணியின் பயன்பாடு மாறிவிட்டது, அனுமதி தேவை. குதிரையும் அதே, புல்லும் அதே. நோக்கம் வேறு. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இதன் பின்னால் ஓர் அறக் கருத்து நிற்கின்றது.

பொழுதுபோக்கு குற்றமல்ல. ஓய்வு மனிதனுக்குத் தேவை. வசதியுள்ளவன் அதை வசதியாக அனுபவிப்பதிலும் தவறில்லை. ஆயினும் நாட்டுப்புறத்தில் அமையும் தனியார் உல்லாச இடங்களுக்கு ஒரு விசேட தன்மை உண்டு. நெல் விளைவிப்பவன் தன் மண்ணில் விளைந்ததை விற்கின்றான். உல்லாச விடுதிக்காரன் விற்பதில் பெரும்பகுதி அவனுடைய காணிக்கு வெளியே இருக்கின்றது. கடற்காட்சி, மலைக்காட்சி, இரவின் அமைதி, கட்டிடங்களற்ற வெளி, கலப்பில் வந்திறங்கும் பறவைகள் ஆகியவற்றுக்குத்தான் விருந்தினர் பணம் கொடுக்கின்றனர். இவை எவையும் அவனது உறுதியில் எழுதப்பட்டவை அல்ல. அவற்றைப் பேணி வந்தவர்கள் வேறு பலர்; சில வேளைகளில், எதையும் கட்டாமல் விட்டதன் மூலமே பேணியவர்கள். எனவே அயலவர் இதில் பேச வருவது பொறாமையினால் மட்டுமல்ல. விற்பனைக்கு வைக்கப்படும் பொருளில் அவர்களுக்கும் பங்கு இருக்கின்றது.

இனி ஒரு சம்பவத்துக்கு வருவோம். ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில், அபர்டீன் நகருக்கு வடக்கே, பல்மெடி என்ற கிராமத்தை அண்டி மெனீ எனும் பண்ணைக் காணி உண்டு. அதன் கடற்பக்கம் முழுவதும் மணல்மேடுகள். அவற்றின் ஒரு பகுதி பொவரன் லிங்ஸ் என அழைக்கப்பட்டது. ‘லிங்ஸ்’ என்பது கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட புல் படர்ந்த மணல் வெளியைக் குறிக்கும் ஸ்கொட்லாந்துச் சொல். கொல்ப் விளையாட்டே இத்தகைய வெளிகளில்தான் வளர்ந்தது. பொவரனின் சிறப்பு அதன் மணல் ஓரிடத்தில் நிற்காமையே. காற்றடிக்க அடிக்க அந்த மாபெரும் மணற்பரப்பு மெல்ல வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இவ்வாறு உயிருடன் நகரும் மணல் பிரித்தானியாவில் அரிது என்பதால், விஞ்ஞான முக்கியத்துவம் வாய்ந்த இடமாக அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டிருந்தது.

2006இல் அக்காணியை வாங்கியவர் அமெரிக்கச் செல்வந்தரான டொனால்ட் ட்ரம்ப். அவரது தாயார் ஸ்கொட்லாந்தின் லூவிஸ் தீவில் பிறந்தவர். இரண்டு கொல்ப் மைதானங்கள், 450 அறைகள் கொண்ட ஹோட்டல், 950 விடுமுறை வீடுகள், விற்பனைக்கு மேலும் 500 வீடுகள் என்பது திட்டம். நூறு கோடிப் பவுண் முதலீடு என்றும் ஆறாயிரம் பேருக்கு வேலை என்றும் சொல்லப்பட்டது. மைதானத்தின் ஒரு பகுதி பாதுகாக்கப்பட்ட மணல்மேட்டின் மேல்தான் அமைய வேண்டும் என்பதில் விண்ணப்பதாரர் உறுதியாக நின்றார்.

அதன்பின் நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்பது பயனுள்ளது. 2007 நவம்பரில் அப்பிரதேசத்துக்கான சிறு குழு திட்டத்தை ஆதரித்தது. அதே மாதம் 29ஆம் திகதி அபர்டீன்ஷயர் சபையின் உட்கட்டமைப்புக் குழுவில் ஏழுக்கு ஏழு என்று வாக்குகள் சமமாயின. குழுவின் தலைவர் மார்ட்டின் போர்ட் தனது தீர்மான வாக்கை எதிராக அளிக்க, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் சபை அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அதற்கிடையில் ஸ்கொட்லாந்து அரசு விண்ணப்பத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2008 நடுப்பகுதியில் பகிரங்க விசாரணை நடந்தது. நவம்பரில் அனுமதி கிடைத்தது. நாட்டுக்குக் கிடைக்கவிருக்கும் பொருளாதார நன்மை இயற்கைக்கு ஏற்படும் இழப்பைவிடப் பெரியது என்பதே அதன் சாரம்.

முதலாவது மைதானம் 2012 ஜூலையில் திறக்கப்பட்டது. அதற்காக நகரும் மணலில் கோரைப்புல் நட்டு அதை நிற்க வைத்தனர். மணல் நின்றது, நின்றதும் அதன் சிறப்பும் போயிற்று. 2020 டிசம்பரில் ஸ்கொட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம், மைதானம் அமைந்த பகுதி இனிப் பாதுகாப்புக்குரிய தன்மையைக் கொண்டிருக்கவில்லை என்று அறிவித்து அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 450 அறைகள் கொண்ட ஹோட்டல் கட்டப்படவே இல்லை. பண்ணையின் பழைய மாளிகை சிறு விடுதியாக நடக்கின்றது. பல ஆண்டுகளின் கணக்கறிக்கைகளில் ஊழியர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. 2019இல் 550 வீடுகளுக்கு மாவட்டச் சபை அனுமதி அளித்தது. 2025 ஜூலை இறுதியில் இரண்டாவது மைதானத்தைத் திறந்துவைக்க ட்ரம்ப் வந்தபோது அவர் இரண்டாம் முறையாக அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தார்.

இக்கதையை ஓர் ஆணவக்காரச் செல்வந்தரின் கதையாகச் சொல்வது எளிது. அப்படிச் சொல்பவர்கள் ஏராளம். ஆனால் அது எம்மைச் சிந்தனையிலிருந்து தப்பிக்கவிடும் வழி. விண்ணப்பதாரர் நல்லவரா கெட்டவரா என்பது திட்டமிடல் தீர்மானத்துக்கு உரிய விடயமே அல்ல. அவர் நாளை விற்றுவிட்டுப் போகலாம், மைதானம் இருக்கும். அத்துடன் அன்று அத்திட்டத்தை ஆதரித்த உள்ளூர் மக்கள் முட்டாள்களும் அல்லர். அபர்டீன் வடகடல் எண்ணெயில் வாழ்ந்த நகரம். எண்ணெய் ஒருநாள் வற்றும் என்பதை அறிந்த மக்கள், பிள்ளைகளுக்கு வேறு பிழைப்பு வேண்டும் என்று எண்ணியதில் என்ன தவறு?

வேலை என்ற வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பதினோராம் தரக் குடியியல் பாடத்தில் இச்சம்பவத்தை மாணவர்களுக்குச் சொன்னபோது, கடற்றொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, “சேர், எங்கட வாப்பாக்கு மாசச் சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைக்கும் எண்டா அந்த மண்ணு எங்க போனா என்ன?” என்று கேட்டான். வகுப்பில் பாதிக்கு மேல் அவன் பக்கம் நின்றது. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர் மணலைப் பற்றி அழகாகப் பேசலாம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சு எப்படிக் கேட்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆகவே மணலா மனிதனா என்று கேள்வியை வைத்தால் பதில் மனிதன் என்பதாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

ஆனால் மெனீயில் தராசில் வைக்கப்பட்டவை மணலும் வேலையும் அல்ல. ஒரு தட்டில் மணல்மேடு இருந்தது. மற்றத் தட்டில் இருந்தது வேலை பற்றிய வாக்குறுதி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் அந்தத் தீர்ப்பு கவனிக்கத் தவறியது.

சிலர் இப்பிரச்சினையை ‘யார் தீர்மானிப்பது’ என்ற கேள்வியாகப் பார்க்கின்றனர். அந்த மண்ணில் வாழ்பவர்களே தீர்மானிக்க வேண்டும், தலைநகரத்து அமைச்சர் அல்ல என்பர். நல்ல கருத்துத்தான். ஆனால் அதே ஸ்கொட்லாந்தின் வடக்கே, டோர்னொக் நகருக்கு அருகில், கூல் லிங்ஸ் என்ற இன்னொரு பாதுகாக்கப்பட்ட மணல்வெளியில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கும் கொல்ப் மைதானம், அங்கும் வேலை என்ற பேச்சு. 2018 ஜூனில் ஹைலண்ட் சபையின் குழு, தனது உத்தியோகத்தர்களின் பரிந்துரையையும் மீறி, அனுமதி அளித்தது. அரசு அதைத் தன் கைக்கு எடுத்து, விசாரணை நடத்தி, 2020 பெப்ரவரியில் நிராகரித்தது. மாற்றியமைக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு 2023 டிசம்பரில் அதே சபை மீண்டும் அனுமதி அளிக்க, விடயம் மீண்டும் அரசின் கைக்குப் போனது.

மெனீயில் சபையின் குழு மறுத்தது, அரசு கொடுத்தது. கூலில் சபை கொடுத்தது, அரசு மறுத்தது. எனவே ‘அருகில் இருப்பவன் மண்ணைக் காப்பான், தூரத்தில் இருப்பவன் விற்பான்’ என்றோ, மறுதலையாகவோ ஒரு விதி செய்ய முடியாது. அருகில் இருப்பவனுக்கு அந்த மண் தெரியும். அவனுடைய வறுமையும் அவனை நெருக்கும். தூரத்தில் இருப்பவனுக்கு நெருக்கடி இல்லை, மண்ணும் தெரியாது. யார் தீர்மானித்தாலும் அவர் எதை எதனோடு மாற்றுகின்றார் என்பதே பிரதானமான கேள்வி.

எமது ஊர்களில் மாடு வாங்குபவரும், வீடு வாங்குபவரும், களத்து நெல்லை மொத்தமாகப் பேசுபவரும் முதலில் அச்சாரம் கொடுக்கின்றனர். வாக்குக் கொடுத்தவர் பின்வாங்கினால் அச்சாரம் போய்விடும். பேச்சு நம்பத்தக்கது என்பதற்கு அதுவே பிணை. படிப்பறிவில்லாத வியாபாரிக்கும் தெரிந்த இந்த நியாயம் பெரிய திட்டங்களில் தலைகீழாகிவிடுகின்றது. மெனீயில் பொதுமக்கள் தம் பக்கத்துப் பொருளை முழுமையாக, முதலிலேயே கொடுத்துவிட்டனர். ஹோட்டலும் ஆயிரக்கணக்கான வேலைகளும் பிறகு வரும் என்றிருந்தன. வரவில்லை. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது போன்ற காரணங்கள் அதற்கு இருக்கலாம். வாக்களித்தவர் பொய் சொன்னார் என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. நேர்மையான வாக்குறுதியும் பொய்த்துப் போகலாம். பொய்த்துப் போனால் நட்டம் யாருக்கு என்பதே கேள்வி. மைதானம் அவரிடம் இருக்கின்றது. மணல் எவரிடமும் இல்லை.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது எமது முதுமொழி. அளப்பதோடு, எதை முதலில் போடுவது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கின்றது. சில பொருள்களைத் திரும்பப் பெறலாம். கட்டிய ஹோட்டலை இடிக்கலாம், மூடிய பாதையைத் திறக்கலாம், இழந்த வருமானத்தை வேறு வழியில் தேடலாம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் காற்று செய்து வைத்த மணல்மேட்டை எந்தச் சபையின் தீர்மானமும் மீண்டும் செய்யாது. திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கேட்பவர், தான் தருவதாகச் சொல்வதை முதலில் தரவேண்டும். குறைந்தபட்சம் அதற்கு ஈடான பிணையையாவது வைக்க வேண்டும். முதலில் ஹோட்டலைக் கட்டு, ஆட்களை வேலைக்கு எடு, பாதுகாக்கப்பட்ட மண்ணில் அதன்பிறகு கை வை என்று நிபந்தனை இட்டிருந்தால் அந்த மணல் இன்றும் நகர்ந்துகொண்டிருக்கும். உல்லாச இடங்கள் பற்றிய தீர்மானங்களில் அறம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்த ஒழுங்கு முறையில்தான் இருக்கின்றது என்பது எமது கருத்து.

இன்னொரு சமனின்மையையும் சுட்டிக்காட்ட வேண்டும். பிரித்தானியாவில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி அளிக்கப்பட்டால், அதனால் பாதிக்கப்படும் அயலவருக்கு அத்தகைய மேன்முறையீடு இல்லை. தீர்மானம் சட்டமுறைப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் நீதிமன்றத்தில் கேட்கலாம். ‘இல்லை’ என்ற பதிலை மீண்டும் விசாரிக்கலாம், ‘ஆம்’ என்ற பதிலை விசாரிக்க முடியாது. மாற்ற முடியாதது எதுவோ அதற்குத்தான் இரண்டாவது விசாரணை இல்லை. நல்ல சட்டம் என்று பெயர் பெற்ற ஒன்றிலேயே இப்படி.

ஆனாலும் அந்நாட்டிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, ஒழுக்கமாக நடந்துகொள்ளும் எவரும் தனியார் நிலத்தின் பெரும்பகுதியில் நடந்து செல்லலாம். விளையாட்டுக்கு இடையூறின்றிக் கொல்ப் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து செல்லவும் உரிமை உண்டு. வேலி போட்டுக் கடலை மறைத்துவிட முடியாது.

எமது பக்கம் திரும்புவோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதித்தது. சேதமடைந்த சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தோணிக்காரனின் குடிசைக்கு ஆபத்தான அதே கரை ஹோட்டலுக்கு ஆபத்தாக இருக்கவில்லை. அத்தடை 2005இன் இறுதியிலிருந்து தளர்த்தப்பட்டது என்றாலும், இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் தம் இடத்தை விட்டு உள்ளே போனார்கள் என்பதைக் கிழக்குக் கரையில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் எம்மிடமும் இருக்கின்றது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரையான கட்டிட வேலைகளுக்கு அனுமதிப்பத்திரம் கேட்கின்றது. அவ்வலயத்துக்கு வெளியே, 99 அறைகளுக்கு மேற்பட்ட அல்லது 40 ஹெக்டயருக்கு மேற்பட்ட விடுதிகளுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறை வேண்டும் என்கின்றது 1993ஆம் ஆண்டு வர்த்தமானி. முழுமையான மதிப்பீட்டு அறிக்கை வந்தால் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அப்படியானால் 95 அறைகளோடு நிறுத்திக்கொள்பவரிடம் யார் கேட்பது? பிரதேச சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்ட தாளை வாசித்து, முப்பது நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கக்கூடியவர் எமது கிராமங்களில் எத்தனை பேர்?

எமது அயலில், தோணிகள் இழுத்து வைக்கும் கரைக்குப் பின்னால் இருந்த காணியை ஒரு நிறுவனம் வாங்கிச் சில ஆண்டுகளாகின்றன. காணியின் நடுவே ஓர் ஒழுங்கை இருந்தது. வலை சுமப்பவர்களும் மீன் வாங்கப் போகும் பெண்களும் காலாகாலமாக நடந்த பாதை. அது எந்த வரைபடத்திலும் இல்லை. நடந்த கால்களுக்கு மட்டுமே தெரிந்தது. இன்று அங்கு வேலி. கடற்கரை எல்லோருக்கும் பொது என்று நாம் பெருமையோடு சொல்கின்றோம். அங்கு போகும் ஒழுங்கை மூடப்பட்டபின் அந்தப் பொது உரிமை எதற்கு உதவும்? வருமென்ற விடுதி இன்னும் வரவில்லை. வகுப்பில் கேள்வி கேட்ட மாணவனின் வாப்பா இப்போது கரைக்குப் போக அரை மைல் சுற்றி நடக்கின்றார். இங்கும் பாதை முதலில் போயிற்று. வேலை பின்னால் வரும் என்று இருக்கின்றது.

இப்படிக் கேள்வி கேட்டால் முதலீட்டாளர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று அஞ்சுபவர்கள் உண்டு. சிலர் போகவும் கூடும். ஆனால் சொன்னதைச் செய்யும் எண்ணமும் வலுவும் உள்ளவருக்கு, சொன்னதை முதலில் செய் என்பது ஏன் பாரமாக வேண்டும்? வேலையைக் கொடுத்து, ஒழுங்கையைத் திறந்துவிட்டு, பின்னர் விடுதியைப் பெரிதாக்க வருபவரைக் கிராமம் மாலை போட்டு வரவேற்கும். அந்நிபந்தனையைக் கேட்டதும் ஓடிப்போகின்றவர், நிபந்தனை இல்லாமல் வந்திருந்தால் எதைத் தந்திருப்பார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமானிதம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பணத்துக்கும் நகைக்கும் பயன்படுத்துகின்றோம். ஒருவர் எம்மிடம் ஒப்படைத்ததை, அவர் திரும்பி வந்து கேட்கும்போது குறையாமல் கொடுப்பது அதன் பொருள். கடற்கரையும் மேய்ச்சல் தரையும் கலப்பும் ஒழுங்கையும் அத்தகையவையே. அவற்றை ஒப்படைத்தவர்கள் இன்று இல்லை; திரும்பக் கேட்கப் போகின்றவர்கள் இன்னும் பிறக்கவில்லை. சபையில் கை உயர்த்துகின்ற உறுப்பினர் அந்த இருவருக்கும் இடையில் நிற்கின்றார். அவர் ‘ஆம்’ என்று சொல்லலாம்; சொல்லவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அதற்கு முன்னர், நாம் கொடுப்பது திரும்பி வருமா, வராதெனில் எம் கைக்கு முதலில் வந்தது என்ன என்று அவர் ஒரு தடவை கேட்கட்டும். அவர் கேட்கத் தவறினால் அக்கேள்வியைக் கேட்கும் கடமை எமக்கு இருக்கின்றது.